நிலாவெளியின் நிவந்தம்

கோயிலாயினும் கலாசாலையாயினும் ஆண்டுதோறும் அரசனது கருவூலத்தை எதிர்பார்த்து நில்லாமல், தனக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தின் விளைவாலேயே நிலைபெற வேண்டும் என்னும் பழைய ஏற்பாட்டுக்குத் திருகோணமலைத் துறைமுகப் பிரதேசத்தில் கற்சாசனமே சாட்சியாக இருக்கிறது. நிலாவெளியிற் கிடைத்த சோழர் காலச் சாசனமொன்று, கோணமலை மச்சகேஸ்வரம் எனப்பட்ட கோணேசர் ஆலயத்தின் நித்திய நிவந்தத்துக்காக 250 வேலி நிலம், அதாவது ஏறத்தாழ 1,700 ஏக்கர், விடப்பட்ட செய்தியைக் கூறுகிறது.

நிலத்தை விட்டால் மட்டும் போதுமா? கவிராஜவரோதயர் இயற்றிய கோணேசர் கல்வெட்டு என்னும் நூலைப் படிப்பவர்க்கு, அறக்கட்டளையின் உயிர் அதன் பரிபாலனத்திலேயே இருக்கிறது என்பது விளங்கும். குளக்கோட்டு மன்னன் சோழநாட்டிலிருந்து குடிகளை வருவித்து, தானத்தாரிடம் பண்டாரத்தையும் வரவு செலவையும் ஒப்படைத்து, பூவெடுத்தல், விளக்கேற்றல், நெற்குற்றல் முதலிய தொழும்புகளை வரிப்பத்தாருக்குப் பகிர்ந்து விதித்தான் என்று அந்நூல் சொல்லுகிறது. வரவுக்கு ஒரு வயல், செலவுக்கு ஒரு கருமம், அதைச் செய்து முடிக்க ஒரு குடி என்று மூன்றையும் பிணைத்து வைத்த அந்நுட்பத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பிய பின்னரும், தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் சந்நிதியில் வழிபாடு தொடர்ந்ததற்கு, பக்தியோடு வயலும் தொழும்பு முறையும் துணைநின்றன.

இந்த முறை சுவடிகளையும் காத்தது. சிதம்பரம் ஆலயத்தின் சரஸ்வதி பண்டாரத்தில் ஏடுகளைப் பேணவும் பிரதி செய்யவும் ஆட்கள் நியமிக்கப்பட்டிருந்ததை 13-ஆம் நூற்றாண்டுச் சாசனம் அறிவிக்கிறது. ஈரமும் செல்லும் அரிக்கும் பனையோலையை மீண்டும் மீண்டும் பெயர்த்தெழுதாவிட்டால் நூலே அழிந்துவிடுமாதலால், எழுதுவோனது சீவனத்துக்கு வழி செய்வதே நூலைக் காக்கும் வழியாயிற்று.

அதே நிலாவெளிப் பக்கத்தில், கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இன்று இருக்கிறது. இலங்கையின் அரச பல்கலைக்கழக நூலகங்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் வழியாக வரும் அரசுப் பணத்தாலேயே நடைபெறுகின்றன. நூலகம் தானே ஈட்டுவதென்று சொல்லத்தக்கவை, தவணை கடந்து திரும்பும் புத்தகத்துக்கு வாங்கும் தண்டப்பணமும் பிரதியெடுக்கும் கட்டணமும் போன்ற சிறு வரவுகளே. மாணவனது தாமதத்தை வருமானமாக நம்பியிருக்கும் நூலகம், அவன் ஒழுங்காகப் புத்தகத்தைத் திருப்பும்போது வறுமையடைகிறது. இம்முறையை நல்லதென்று ஒப்ப என்னால் இயலவில்லை.

நிவந்தம் இக்காலத்துக்கு ஒவ்வாதது என்பாருக்கு, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராய் அமர்ந்த சீர்காழி இரங்கநாதனாரை நினைவூட்டலாம். அவர் தம் வாழ்நாட் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயை அப்பல்கலைக்கழகத்துக்கே அளித்து, தம் மனைவியார் சாரதையின் பெயரால் நூலகவியற் பேராசிரியர் பதவி ஒன்றை ஏற்படுத்தினார். வேலிக்கணக்கில் நிலம் விட்ட இடத்தில் ரூபாய் வந்ததேயன்றி, முதலைத் தொடாமல் அதன் பலனைக் குறித்த ஒரு கருமத்துக்கே செலவிடும் நெறி மாறவில்லை. கோணேசபுரி நூலகத்துக்கும் இப்பிரதேசத்து ஏடுகளையும் சாசனப் படிகளையும் பேணுவதற்கென்று ஒரு முதல் வைக்கப்படுமாயின், அதைத் துறைமுகத்து வணிகரும் கடல் கடந்து வாழும் திருகோணமலையாரும் சேர்ந்தே வைக்கலாம்.