பூக்களின் நிறம் ஆய்ந்த பேராசிரியர்

பிறந்த மண்ணை விட்டு வேற்று மொழி வழங்கும் நிலத்தில் வாழும் நம் உள்ளத்தில் அடிக்கடி எழும் ஐயம் ஒன்றுண்டு. இடம் பெயர்த்து நட்ட மரம் செழித்துக் காய்க்குமா என்பதே அது. அவ்வையத்திற்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் கரிம வேதியியல் பேராசிரியர் டி. ஆர். சேஷாத்திரி. கோப்புகளோடு காலம் கழிக்கும் எளிய எழுத்தனாகிய நான் அப்பெரியாரைப் பற்றி அறிந்தவற்றை இம்மலரில் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

காவிரிக் கரையிலுள்ள குளித்தலையில் 1900 பிப்ரவரி 3ஆம் நாள் அவர் பிறந்தார். திருவரங்கத்திலும் திருச்சிராப்பள்ளியிலும் பள்ளிக் கல்வி. பின்னர் சென்னை மாநிலக் கல்லூரி. அரசின் உதவித்தொகை பெற்று 1927இல் இங்கிலாந்து சென்று, மான்செஸ்டரில் பேராசிரியர் இராபர்ட் இராபின்சனிடம் பயின்று டாக்டர் பட்டம் பெற்றார். அந்த இராபின்சனே 1947இல் நோபல் பரிசு பெற்றவர். அதன்பின் ஆஸ்திரிய நாட்டின் கிராஸ் நகரில் பிரெகலிடம் நுண்பகுப்பு முறையைக் கற்றார். சில மில்லிகிராம் பொருளைக் கொண்டே அதன் கூறுகளை அளந்தறியும் அரிய முறை அது.

தாயகம் திரும்பியவர் சிலகாலம் கோயம்புத்தூர் வேளாண்மை நிலையத்தில் பணியாற்றினார். 1933இல் வால்டேரிலுள்ள ஆந்திரப் பல்கலைக்கழகம் சென்றார். டாக்டர் இராதாகிருஷ்ணன் அங்குத் துணைவேந்தராக விளங்கிய காலம் அது. நிறுவப்பெற்று ஏழாண்டே ஆகியிருந்த பல்கலைக்கழகம்; வளர வேண்டிய ஆய்வுக்கூடம். சேஷாத்திரியோ கண்முன் பூத்தவற்றையே ஆய்வுப்பொருளாக்கினார். பருத்திப்பூ, பூவரசம்பூ, புங்கம், செஞ்சந்தனம் ஆகியவற்றின் நிறப்பொருள்களும் பிற கூறுகளும் அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொன்றாகத் தம் அமைப்பை வெளிப்படுத்தின.

இன்றுள்ள மின்னணுக் கருவிகள் அன்றில்லை. பூவைச் சாராயத்தில் ஊறவைத்துச் சாற்றை வடித்துப் படிகமாக்க வேண்டும்; அதனைச் சிதைத்துக் கிடைக்கும் துண்டுகளைக் கொண்டு முழு அமைப்பை ஊகிக்க வேண்டும்; பிறகு அதே பொருளைத் தாமே செயற்கையாக ஆக்கி, இரண்டும் ஒன்றே என்று மெய்ப்பிக்க வேண்டும். ஒரு பொருளுக்கே மாதக்கணக்கில் உழைக்க நேரும். கிராஸில் கற்ற சிக்கனம் இங்கே கைகொடுத்தது.

இரண்டாம் உலகப் போரில், 1942 ஏப்ரல் 6ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் விசாகப்பட்டினத்தின்மீது குண்டு வீசின. பல்கலைக்கழகம் குண்டூருக்குப் பெயர்ந்தது. ஏற்கெனவே ஊர்விட்டு வந்தவர், மீண்டும் ஒருமுறை பெயர்ந்தார். ஆய்வை மட்டும் கைவிட்டாரில்லை.

1949இல் தில்லிப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. 1960இல் இலண்டன் இராயல் சொசைட்டியின் உறுப்பினர் சிறப்பும், 1963இல் பத்மபூஷண் விருதும் அவரை வந்தடைந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆய்வுரைகளையும், நாடெங்கும் பரவிய மாணவர் கூட்டத்தையும் விட்டுவிட்டு 1975 செப்டம்பர் 27ஆம் நாள் மறைந்தார்.

நம் குகட்பள்ளிக்கு அணித்தே, பாலாநகரில் 1960களில் சோவியத் நாட்டின் துணையுடன் ஐ.டி.பி.எல். மருந்து ஆலை எழுந்ததை மூத்தோர் அறிவர். அவ்வாலை ஓய்ந்துவிட்டது, எனினும் இந்நகரம் மருந்துத் தொழிலால் பெயர் பெற்றிருக்கிறது. அத்தொழிலின் அடித்தளம் கரிம வேதியியலே. எத்தனையோ ஆசிரியர்கள் எங்கெங்கோ இருந்து அமைத்த அவ்வடித்தளத்தில் குளித்தலைக்காரர் ஒருவர் வைத்த கல்லும் உண்டு.

நாம் பூவரசு என்பதைத் தெலுங்கு நண்பர்கள் கங்கராவி என்பர். புங்கத்தைக் கானுக என்பர். பெயர் வேறாயினும் பூவினுள் உறையும் பொருள் ஒன்றே. நம் பிள்ளைகளுக்கு அப்பூவைக் காட்டி இப்பேராசிரியரின் கதையைச் சொல்வோம். வேர் எங்கிருப்பினும், உழைப்பு உண்டாயின் மரம் காய்க்கும்.