செருப்பும் வெளியும்

'அவுட்டோர்' என்பதை 'வெளி' என்று பெயர்த்துக்கொள்கிறோம். யாருடைய வெளி என்று கேட்பதில்லை.

நைக் கம்பெனி ஓட்டக்காரர்களுக்கான காலணி விற்று வளர்ந்தது. 1978இல் கே2 சிகரம் ஏறப்போன அமெரிக்கக் குழுவில் சிலர் அடிவாரம்வரை அதன் ஓட்டக் காலணியையே போட்டு நடந்தார்கள். 1981 வாக்கில் மலைநடைக்கென்றே காலணிகள் வந்தன. 1989இல் உடுப்பும் காலணியும் சேர்ந்து 'ஆல் கண்டிஷன்ஸ் கியர்' ஆயின. மழை, வெயில், பாறை எதுவானாலும் தாங்குமாம்.

இதை ஆத்தங்குடிப் பக்கமிருந்து வாசித்தால் வேறு மாதிரி இருக்கிறது. அன்றைக்கு இவ்வூர் இராமநாதபுரம் மாவட்டம். 1930 டிசம்பரில் அம்மாவட்டத்துக் கள்ளர்கள் தாழ்த்தப்பட்டோர்மீது விதித்த எட்டுத் தடைகளை ஜே. எச். ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் சட்டை, பனியன் போடக்கூடாது, வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது, வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக்கூடாது, செருப்புக் கூடாது. பெண்கள் மேலுடலை மூடக்கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, ஆடுமாடுகள் கொள்ளை போயின.

கவனியுங்கள், தடுக்கப்பட்டவை வெயில், மழை, முள்ளிலிருந்து உடலைக் காக்கும் சாமான்கள். கம்பெனி விற்பதும் அதைத்தான். நாளெல்லாம் வெளியில் உழைத்த உடலுக்கே அது மறுக்கப்பட்டது. வெயிலையும் முள்ளையும் சாதி தன் ஏவலாட்களாக வைத்திருந்தது.

நைக் காலணி இப்போ செய்யாறிலேயே தயாராகிறது. ஆனால் ஊருக்கெல்லாம் பனியன் தைக்கும் திருப்பூரின் மாவட்டத்தில், ராஜாவூரில், தலித்துகள் கம்பள நாயக்கர் தெருவில் முதன்முறையாகச் செருப்போடு நடந்தது 2023 டிசம்பரில். காலணியின் வரலாற்றை எழுதுறவங்க அந்தத் தெருவையும் சேர்த்து எழுதணும்.