கழுத்துக்குள் ஒரு திரி

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

திருத்தங்கல் பெரியம்மாவை உறவுகளில் பலர் அறிவீர்கள். கட்டையில் தீக்குச்சி அடுக்குவதில் அவர் கைக்கு ஈடு கிடையாது. 1970-களின் கடைசியில் அந்த விரல்களிலிருந்து குச்சி நழுவ ஆரம்பித்தது. பிறகு ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியவில்லை. நடை தள்ளாடியது. வாயு என்றோம், வயசு என்றோம், தைலம் தேய்த்தோம். பெரிய வலி இல்லாததால் யாரும் பயப்படவில்லை. கடைசி ஆறு வருடம் படுக்கையில் கிடந்தார்.

போன வருடம் என் அண்ணனுக்குச் சட்டைப் பித்தான் போட வரவில்லை. எனக்குப் பெரியம்மா ஞாபகம் வந்தது. மதுரையில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். கழுத்தில் தண்டுவடம் நசுங்கியிருந்தது. ஆபரேஷன் என்றதும் வீடே வேண்டாம் என்றது. அப்போது தேடிப் படித்ததைத்தான் எழுதுகிறேன்.

நம் ஊர்க்காரர்களுக்குத் திரி என்றால் புரியும். திரி நடுவில் நைந்தால் நெருப்பு வெடிக்குப் போய்ச் சேராது. தண்டுவடமும் அப்படித்தான். கழுத்தின் 7 முள்ளெலும்புகளுக்குள் அது ஓடுகிறது. முன்னாலிருந்து ஜவ்வும் எலும்பு முளையும் தள்ளும். பின்னாலிருந்து தடித்த தசைநார் நெருக்கும். அண்ணாந்தால் பாதை இன்னும் சுருங்கும். குனிந்தால் தண்டுவடம் முன்முளை மேல் இழுபடும்.

வேலூர் சி.எம்.சி.யில் 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். 1950-ல் சென்னை பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். பெரியம்மாவின் விரல் நழுவியபோது இரண்டுக்கும் முப்பது வயதுக்கு அருகில். நமக்குத்தான் போகத் தெரியவில்லை.

ஆரம்பத்தில் பின்பக்க எலும்புக் கூரையை எடுத்துவிடுவதே வழக்கம். நெருக்கம் தீரும். ஆனால் ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ள தலையைப் பின்னாலிருந்து தாங்கும் பிடிமானம் குறைவதால், சிலருக்குக் கழுத்து முன்னால் வளைந்து தண்டுவடம் மறுபடி அழுந்தியது. 1950-களில் அமெரிக்காவில் ராபின்சன், ஸ்மித், கிளவார்ட் ஆகியோர் முன்பக்கமாக நுழைந்து, ஜவ்வை எடுத்து எலும்புத் துண்டு வைத்து இணைத்தார்கள். அதில் ஒரு குறை: இணைத்த இடம் அசையாது, அடுத்த மூட்டு அதிகம் உழைக்கும். 1977-ல் ஜப்பானில் ஹிராபயாஷி, கூரையை எடுக்காமல் ஒரு பக்கம் கீல் விட்டு, கதவைப் போலத் திறந்து வைத்தார். வேலூரில் டாக்டர் வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் உலோகத் தகடு இல்லாமல் நோயாளியின் சொந்த எலும்பையே வைத்து, பிறகு கழுத்தின் வளைவு எப்படி மாறுகிறது என்றும் அளந்து எழுதினார்கள். தகடு விலை தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

அண்ணனுக்கு முன்பக்கமாகச் செய்தார்கள். இன்று பித்தானை அவரே போடுகிறார். நடையில் லேசான தள்ளாட்டம் மட்டும் போகவில்லை. ஆபரேஷன் நோயை நிறுத்தும். இழந்ததெல்லாம் திரும்பும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் நாள் கடத்தக் கூடாது.

பித்தான் போட, சில்லறை எண்ண, பேனா பிடிக்கத் தடுமாறினால், கால் மரத்து நடை மாறினால் நரம்பு மருத்துவரைப் பாருங்கள். சலூனில் கழுத்துக்குச் சொடக்கு எடுக்காதீர்கள். வாத்தியார் சொன்னால் கேட்பீர்கள்தானே?

வாழ்க வளமுடன்.