ஒரே ஹோட்டல், மூன்று பதில்கள்

வெளியூரில் தங்க ரூம் தேடுபவர்களுக்குப் பழகிப்போன குழப்பம் இது. இணையதளத்தில் பார்த்தால் "அறை காலி இல்லை". ஹோட்டலுக்குப் போன் செய்தால் "ஒன்று இருக்கிறது". டிராவல் ஏஜென்ட்டோ "எத்தனை வேண்டும்?" என்று கேட்கிறார்! ஹோட்டலும் ஒன்று, இரவும் ஒன்று. யார் சொல்வது உண்மை?

மூன்றுமே உண்மைதான். மூவரும் பார்ப்பது அறைகளை அல்ல, அவரவர் கையில் உள்ள பட்டியலை. இந்தப் பட்டியல்கள் பிரிந்த கதை பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்தது.

முதலில் இருந்தது ஒரே பட்டியல்தான், ஹோட்டல் வரவேற்பறையில் இருந்த நோட்டு. ஊர் ஊராகக் கிளைகள் பெருகியபோது அது போதவில்லை. 1952ல் மெம்பிஸ் நகரில் தொடங்கிய ஹாலிடே இன், 1965ல் ஐ.பி.எம். துணையுடன் 'ஹாலிடெக்ஸ்' என்ற கம்ப்யூட்டர் முன்பதிவைக் கொண்டுவந்தது. 1970ல் ஷெரட்டன், கட்டணமில்லாத பொதுத் தொலைபேசி எண்ணை அறிமுகப்படுத்தியது. வசதிதான். ஆனால் போனை எடுப்பவர் இப்போது ஹோட்டலில் இல்லை, வேறு ஏதோ ஊரில் இருந்தார். ஹோட்டல் அனுப்பிய எண்ணிக்கை மட்டுமே அவருக்குத் தெரியும். ஆக, பட்டியல் இரண்டாயிற்று.

அடுத்து டிராவல் ஏஜென்ட். அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐ.பி.எம்.மும் உருவாக்கிய 'சேபர்', 1976 முதல் ஏஜென்ட்டுகளின் மேஜைக்கு வந்தது. விமான இருக்கைக்காகச் செய்த அந்த முறையில்தான் பின்னர் ஹோட்டல் அறையும் விற்பனைக்கு வந்தது. இருக்கையில் வகைகள் குறைவு. அறையிலோ கடல் பார்த்தது, இரட்டைக் கட்டில், காலை உணவுடன் என்று எத்தனையோ! போதாக்குறைக்கு, இப்படிப்பட்ட விமான நிறுவன முறைகள் பல இருந்தன. இவற்றோடு இணைய, 1980களின் இறுதியில் பெரிய ஹோட்டல் நிறுவனங்கள் கூட்டாக 'திஸ்கோ' என்ற பொது இணைப்பையே தொடங்கின.

1996ல் எக்ஸ்பீடியாவும், நெதர்லாந்தில் புக்கிங் தளமும் வந்தன. சில தளங்கள் அறைகளை மொத்த விலையில் பேசி வைத்து, தாங்களே விலை போட்டு விற்றன. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு பயணிகள் குறைந்தனர். இன்றிரவு விற்காத அறை, மாலைச் சந்தையில் வாடிய கீரை மாதிரி. நாளைக்கு அதை விற்க முடியாது. எனவே ஹோட்டல்கள் கிடைத்த விலைக்கு இணையதளங்களிடம் அறைகளைக் கொடுத்தன. வியாபாரம் மீண்டதும் தகராறு வந்தது. 2004ல் இன்டர்கான்டினென்டல் குழுமம் எக்ஸ்பீடியாவை விட்டே விலகியது.

ஓர் உதாரணம். 100 அறைகளில் 20 ஏஜென்ட்டுக்கு, 30 இணையதளத்துக்கு, 50 நேரடி விற்பனைக்கு. இணையதளத்தின் 30 தீர்ந்தால் அங்கே "காலி இல்லை". ஏஜென்ட்டிடம் 5 மீதி இருந்தாலும் அது தெரியாது. குறித்த நாளில் அவர் திருப்பிக் கொடுத்தால்தான் அவை மற்றவர்களுக்குக் கிடைக்கும்.

இன்று பல ஹோட்டல்களில் எல்லாப் பட்டியல்களையும் உடனுக்குடன் இணைக்கும் மென்பொருள் உண்டு. ஆனாலும் வித்தியாசம் போகவில்லை. கூட்டம் அதிகமுள்ள நாளில் கமிஷன் கொடுப்பானேன் என்று ஹோட்டலே இணையதளத்தின் கதவைச் சாத்திவிடும். அல்லது இரண்டு இரவு தங்குபவருக்கு மட்டும் திறக்கும்.

ஆக, "காலி இல்லை" என்றால் "இந்த வழியில், இந்த விலையில் இல்லை" என்றுதான் பல நேரம் அர்த்தம். அதை நம்பி ஒருவர் திரும்பிப் போகும் அதே இரவில், ஒரு அறை பூட்டியே கிடக்கலாம். நஷ்டம் இருவருக்கும்தான். வரவேற்பறைக்கே ஒரு போன் போட்டுக் கேட்பது இன்றும் வீண் வேலை அல்ல!