உடல்நலமும் மனநிறைவும்: தேனி, கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கான விளக்கம்

மகிழ்ச்சியும் மனநிறைவும் எண்ணங்களால் மட்டும் அமைபவை அல்ல. உறக்கம், உணவு, இரத்தத்தின் தன்மை, சுரப்பிகளின் செயல்பாடு, வலி, உழைப்பு, ஓய்வு ஆகிய அனைத்தும் மனநிலையைத் தீர்மானிப்பதில் பங்கு வகிக்கின்றன. அவ்வாறே மனத்தின் துயரமும் உடலில் வெளிப்படுகிறது. இப்பக்கம் நோயாளிகளுக்கும் அவர்களைப் பராமரிப்போருக்கும் இந்தத் தொடர்பை விளக்குகிறது.

உடல் வழியே பேசும் மனம்

கம்பம், போடிநாயக்கனூர், தேவாரம், கோம்பை முதலிய ஊர்களிலிருந்து பொழுது விடியும் முன்பே ஜீப்பில் ஏறி, இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்வோர் பலர். அவர்களில் ஒருவர் மருத்துவரிடம் வரும்போது "மனசு சரியில்லை" என்று பெரும்பாலும் கூறுவதில்லை. "உடம்பெல்லாம் அசதி", "தலை பாரமாக இருக்கிறது", "நெஞ்சு படபடக்கிறது", "சாப்பாடு இறங்கவில்லை" என்றே கூறுவார். இவை வெறும் சாக்குகள் அல்ல. மனச்சோர்வு நோயில் உறக்கம், பசி, வலியை உணரும் தன்மை, உடல் ஆற்றல் ஆகியவை உண்மையாகவே மாறுகின்றன.

எனவே இரண்டு தவறுகள் நேரக்கூடும். மனச்சோர்வை உடல்வலி என்று எண்ணி, ஊசியும் வலி மாத்திரையும் மட்டும் பல மாதங்கள் எடுத்துக்கொள்வது ஒன்று. உடல்நோயை "எல்லாம் மனப்பிரமை" என்று ஒதுக்கிவிடுவது மற்றொன்று. இரண்டுமே சிகிச்சையைத் தாமதப்படுத்தும்.

முதலில் பரிசோதிக்க வேண்டிய உடல்நிலைகள்

• இரத்தசோகை: களைப்பு, மூச்சிரைப்பு, எரிச்சல், கவனமின்மை ஆகியவை ஏற்படும். கருவுறாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்கும், ஆண்களுக்கு 13 கிராமுக்கும் குறைந்தால் அது இரத்தசோகை ஆகும். இரும்புச்சத்து மாத்திரை உட்கொள்ளும்போது தேநீர், காபி ஆகியவற்றைத் தவிர்க்கவும். நெல்லிக்காய், எலுமிச்சை ஆகியவை இரும்புச்சத்து உடலில் சேர உதவும்.

• தைராய்டு குறைபாடு: சோர்வு, உடல் எடை கூடுதல், மலச்சிக்கல், குளிரைத் தாங்க இயலாமை, மனவாட்டம் ஆகியவை காணப்படும். எளிய இரத்தப் பரிசோதனையால் கண்டறியலாம்.

• வைட்டமின் பி12 குறைபாடு: கை கால் மரத்துப்போதல், மறதி, மனவாட்டம் ஆகியவை ஏற்படலாம்.

• சர்க்கரை நோய்: இந்நோய் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். மனச்சோர்வு வந்தால் மாத்திரை, உணவுக் கட்டுப்பாடு ஆகியவை தவறி, சர்க்கரை மேலும் கூடும்.

• பூச்சிமருந்தின் பாதிப்பு: திராட்சைத் தோட்டத்திலோ ஏலத்தோட்டத்திலோ மருந்து அடித்த பிறகு தலைவலி, வியர்வை, குமட்டல், பார்வை மங்கல், பதற்றம் ஆகியவை தோன்றினால் அதனைப் "பயம்" என்று எண்ணிவிடாதீர்கள். அது நஞ்சின் அறிகுறியாக இருக்கலாம். உடையைக் களைந்து, உடலைச் சோப்பு நீரால் கழுவி, மருந்தின் பெயரைக் குறித்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.

உழைப்பும் உடற்பயிற்சியும் ஒன்றா?

"நாள் முழுவதும் குனிந்து வேலை செய்கிறேன், எனக்கு எதற்கு உடற்பயிற்சி?" என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. வாரத்திற்கு குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சியை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. மிதமான அளவுக்கு உட்பட்ட மனச்சோர்வைக் குறைக்க உடற்பயிற்சி உதவும். ஆனால் ஒரே தசையை ஓய்வின்றி வருத்தும் கூலிவேலையும், விருப்பத்துடன் செய்யும் நடையும் மனத்திற்கு ஒரே பயனைத் தருவதில்லை.

கடும் உழைப்பாளிகளுக்கு முதலில் தேவைப்படுவது ஓய்வும் உறக்கமும் ஆகும். வேலையின் இடையே நிமிர்ந்து நின்று முதுகையும் தோள்களையும் நீட்டித் தளர்த்துங்கள். கடையிலோ அலுவலகத்திலோ அமர்ந்தே பணிபுரிவோரும், நோயாளியின் அருகிலேயே இருக்கும் பராமரிப்பாளர்களும், நாள்தோறும் அரைமணி நேரம் நடப்பது நல்லது. துணைக்கு ஒருவருடன் பேசிக்கொண்டு நடப்பது கூடுதல் பயன் தரும்.

அன்றாடம் நீங்கள் செய்யக்கூடியவை

1. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது உறக்கம் தேவை. அதிகாலை 4 மணிக்கு எழுபவர் இரவு 9 மணிக்குள் படுக்கச் செல்ல வேண்டும். இது அவருடைய விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று. வீட்டு வேலையை மற்றவர்களும் பகிர்ந்துகொண்டால்தான் இயலும்.

2. காலை உணவைத் தவிர்க்காதீர்கள். பயறு, கீரை, முட்டை போன்றவற்றை உணவில் சேருங்கள்.

3. பதற்றம் ஏற்படும்போது மூக்கின் வழியாக நான்கு எண்ணும் வரை மூச்சை உள்ளிழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல வெளிவிடுங்கள். ஐந்து நிமிடம் இவ்வாறு செய்தால் இதயத்துடிப்பு சீராகும். தலைசுற்றினால் நிறுத்திவிடவும்.

4. மது சில மணி நேரம் கவலையை மறக்கச் செய்யும். ஆனால் பின்னிரவின் உறக்கத்தைக் கெடுத்து மனவாட்டத்தைக் கூட்டும். நாள்தோறும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்துவதே பாதுகாப்பானது.

உடலைப் பேணுவது கடனைத் தீர்க்காது. விளைபொருளின் விலையையும் உயர்த்தாது. துயரத்தின் காரணம் வாழ்க்கைச் சூழலில் இருந்தால் அதற்கும் உதவி தேவை. ஆயினும் உறங்கி, உண்டு, வலி குறைந்த உடல், அச்சூழலை எதிர்கொள்ளும் வலிமையைத் தரும்.

சிகிச்சை பற்றி

மனவாட்டமோ எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரங்களுக்கு மேல் நாளின் பெரும்பகுதி நீடித்தால் மருத்துவரை அணுகவும். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பயன் தரச் சில வாரங்கள் ஆகும். பத்து நாள்களில் பலன் தெரியவில்லை என்று நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். குணமான பின்னும், மருத்துவர் கூறும் காலம் வரை தொடர வேண்டும்.

நெஞ்சில் இறுக்கமான வலி, வியர்வை, இடக்கை அல்லது தாடைக்குப் பரவும் வலி ஆகியவை இருந்தால் "பதற்றம்தான்" என்று காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

பராமரிப்பாளர்களின் கவனத்திற்கு

• "சோம்பேறித்தனம்", "மனதைத் தைரியமாக வைத்துக்கொள்" என்று கூறுவதைத் தவிர்க்கவும். "உனக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருங்கள்.

• மருத்துவரிடம் செல்லும்போது உறக்கம், உணவு, வலி ஆகியவற்றைக் குறித்து எடுத்துச் செல்லுங்கள்.

• வாழ்வதில் பயனில்லை என்ற பேச்சை ஒருபோதும் அலட்சியப்படுத்தாதீர்கள். நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் தூண்டப்படாது. வீட்டிலுள்ள பூச்சிமருந்தை அகற்றுங்கள் அல்லது பூட்டி வைத்துச் சாவியை மற்றொருவரிடம் கொடுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள்.

• ஒருவர் நஞ்சு அருந்திவிட்டால், நலமாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும். வழக்கு வருமோ என்று அஞ்சி மறைக்க வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 கருதுகிறது. அவருக்குத் தேவை சிகிச்சையே, தண்டனை அன்று.

• உங்கள் உடலும் ஓய்வை வேண்டும். வாரத்தில் சில மணி நேரமாவது பராமரிப்பை உறவினர் ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

உதவி பெறும் இடங்கள்

அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை முதலில் அணுகலாம். கம்பம், உத்தமபாளையம், போடிநாயக்கனூர், பெரியகுளம் ஆகிய ஊர்களில் அரசு மருத்துவமனைகள் உள்ளன. க.விலக்கில் அரசு தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இயங்குகிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் சேவை குறித்து அங்கு விசாரிக்கவும்.

தொலைபேசி வழி மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். பொதுவான உடல்நல ஆலோசனைக்கு 104. அவசர ஊர்திக்கு 108.

மருத்துவரிடம் உங்கள் உடல்வலியைச் சொல்லும்போது மனத்தின் வலியையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டையும் கேட்டறிந்தால்தான் உங்களுக்குச் சரியான சிகிச்சையை அவரால் அளிக்க இயலும்.