கடலை மிட்டாய் மேல தூவின தேங்காய்

1/ போன வாரம் ஒரு அண்ணாச்சி வந்தார். சொந்த ஊர் கோவில்பட்டி. ஸ்டென்ட் வச்சு ஒரு வருஷம். கொழுப்பு மாத்திரையை நிறுத்திட்டு, தினமும் வெறும் வயித்துல ரெண்டு கரண்டி தேங்காய் எண்ணெய் குடிக்கிறாராம். "நம்ம தாத்தா பாட்டி சாப்பிட்டதுதானே டாக்டர்?"

அப்படியா? கொஞ்சம் வரலாறு பார்ப்போம்.

2/ கரிசல் மானாவாரி பூமி. மழையை நம்பி கம்பு, சோளம், பருத்தி, உளுந்து, எள்ளு. தென்னைக்கு வருஷம் பூரா தண்ணி வேணும். அதனால அது தாமிரபரணிப் பாசனத்துலதான் செழிச்சது. கரிசல் வீட்டுக்குத் தேங்காய் பெரும்பாலும் காசு கொடுத்து வாங்குற பொருள்.

3/ எள்ளு விளையுற ஊர்ல எண்ணெய்னா செக்குல ஆட்டின நல்லெண்ணெய். தென் அமெரிக்காவில் பிறந்த நிலக்கடலை 19-ஆம் நூற்றாண்டில் நம்ம புன்செய்களில் பரவியது. புதுச்சேரி வழியா பிரான்சுக்கு ஏற்றுமதியும் ஆச்சு. அப்புறம் கடலெண்ணெய் நம்ம அடுப்புக்கும் வந்தது.

4/ சாட்சி வேணுமா? 2020-ல் புவிசார் குறியீடு வாங்கின கோவில்பட்டி கடலை மிட்டாயைப் பாருங்க. முழுக்க கடலையும் வெல்லமும். தேங்காய்? மேல கலர் கலரா தூவின துருவல் மட்டும்.

5/ இப்ப மருத்துவம். தேங்காய் எண்ணெயில் சுமார் 90% நிறைவுற்ற கொழுப்பு. கடலெண்ணெயில் 20%-க்குள். நல்லெண்ணெயில் 15% அளவு.

6/ தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்ட பாதி லாரிக் அமிலம். அது 'நல்ல' ஹெச்டிஎல்லை ஏத்தும், நிஜம். கூடவே எல்டிஎல்லையும் ஏத்தும். ரத்தக்குழாயில் படியுறது இந்த எல்டிஎல்தான். 2020-ல் 'சர்குலேஷன்' இதழில் 16 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தாங்க: கடலெண்ணெய், சூரியகாந்தி மாதிரி எண்ணெய்களைவிட தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லை சுமார் 10 மில்லிகிராம் கூட்டுது.

7/ "பசிபிக் தீவுல தேங்காயே சாப்பாடு, மாரடைப்பு இல்லையே?" டோக்கெலாவ் தீவு ஆய்வு (1981) அதைத்தான் சொன்னது. ஆனா அவங்க சாப்பிட்டது முழுத் தேங்காயும் மீனும். தேங்காய் குறைவா சாப்பிட்ட புகாபுகா தீவைவிட இங்க கொலஸ்ட்ரால் கூடுதல்னும் அதே ஆய்வு சொல்லுது.

8/ நம்ம கதை வேற. 1937-ல் டால்டா வந்தது. 2007-ல் ரேஷனில் பாமாயில். அதுலயும் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. தாத்தா காலத்துல எண்ணெய் அளந்து ஊத்துற சாமான். உழைப்போ நாள் பூரா. இன்னைக்கு ரெண்டும் தலைகீழ்.

9/ தேங்காய் விஷமும் இல்ல, மருந்தும் இல்ல. சட்னி சாப்பிடுங்க. கரண்டியில குடிக்காதீங்க. டாக்டரைக் கேக்காம மாத்திரையை நிறுத்தவே நிறுத்தாதீங்க.

10/ அண்ணாச்சி மாத்திரையைத் திரும்ப ஆரம்பிச்சிட்டார். கிளம்பும்போது கேட்டார்: "அப்ப தேங்காய் எவ்வளவு டாக்டர்?"

"மிட்டாய் மேல தூவுற அளவு, அண்ணாச்சி."