நீர் கோத்த கால்

சேர்வராயன் மலையில், மஞ்சக்குட்டைப் பக்கத்தில் வயதான ஒருவருக்குக் கணுக்கால் வீங்கினால் "கால்ல நீர் கோத்திருக்கு" என்பார்கள். முன்னெலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் குழி விழும். விரலை எடுத்த பிறகும் சற்று நேரம் அப்படியே நிற்கும். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் போனால் இதயத்துக்கு எக்கோ, சிறுநீரகத்துக்கு ரத்தப் பரிசோதனை, சிரைக்கு டாப்ளர் என எல்லாம் எடுக்கலாம். கோத்த நீரைத் திரும்ப எடுத்துச் செல்ல வேண்டிய நிணநாளத்தை மட்டும் வழக்கமாக யாரும் பார்ப்பதில்லை.

பார்ப்பது அத்தனை எளிதும் இல்லை. நிணநாளம் நூல் போல மெலிந்தது, உள்ளே ஓடுவது நிறமற்ற நீர். 1622இல் இத்தாலியின் காஸ்பரோ அசெல்லி, வயிறு நிறையத் தின்ற நாயை அறுத்தபோது குடலைச் சுற்றி வெள்ளைக் கோடுகளைக் கண்டார். கொழுப்பு கலந்து நிணநீர் பால் போல இருந்ததால்தான் அவை அன்று கண்ணில் பட்டன. உயிருள்ள மனிதரின் காலில் அந்தப் பாதையைப் படம் பிடிக்க அதன்பின் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1952 வாக்கில் லண்டனின் ஜான் கின்மந்த், பாதத்தில் நீலச் சாயம் ஏற்றினார். சாயத்தை உறிஞ்சி நிணநாளம் நீலமாகத் தெரிந்ததும், புறங்காலில் தோலைக் கீறி, அந்த நூலுக்குள் ஊசி நுழைத்து, எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தை மெல்ல மெல்லச் செலுத்தினார். நோயாளி அசையாமல் நெடுநேரம் படுத்திருக்க வேண்டும். டாக்டரின் கையும் நடுங்கக் கூடாது.

இதயம் தளர்ந்தவரின் உடலில் நிணநீர் படும் பாட்டை நியூயார்க்கில் ஆலன் டியூமான்ட், மார்லிஸ் விட் குழுவினர் ஆராய்ந்தார்கள். காலிலிருந்தும் வயிற்றிலிருந்தும் வரும் நிணநீர் மார்பு வழியே ஏறி, இடது கழுத்தடியில் பெரிய சிரையில் கலக்கிறது. இதயம் சோர்ந்தால் அந்தச் சிரையில் அழுத்தம் கூடும். திசுக்களில் கசியும் நீரும் கூடுவதால் நாளம் முன்னிலும் அதிகமாகச் சுமக்க வேண்டும், ஆனால் அது போய்க் கலக்கும் வாசலோ நெரிந்து கிடக்கும். கழுத்தில் குழாய் வைத்து நிணநீரை வெளியே வடித்தபோது நோயாளிகளின் சிரை அழுத்தமும் வீக்கமும் தணிந்ததாக 1969இல் வெளியான அவர்களது கட்டுரை சொல்கிறது. நீர் மாத்திரை பரவலாகிவிட்ட அந்தக் காலத்தில் இந்த வழி வழக்கத்துக்கு வரவில்லை.

அதே மார்லிஸ் விட் பின்னர் தமிழகத்துக் கால்களைப் பற்றியும் எழுதினார். காவிரிப் படுகையில் யானைக்கால் பல தலைமுறையாக மக்களைப் படுத்திய நோய். சாக்கடை நீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு பரப்பும் புழு, நிணநாளத்துக்குள்ளேயே குடியிருந்து அதைச் சிதைக்கிறது. தஞ்சாவூரில் டாக்டர் எஸ். ஜமால், தொடையிடுக்கில் நெறிகட்டும் நிணக்கணுவைப் பக்கத்துச் சிரையோடு இணைத்து நிணநீருக்கு மாற்றுவழி திறக்கும் அறுவை சிகிச்சையைச் செய்துவந்தார். வழி எங்கே அடைபட்டது என்று தெரியாமல் மாற்றுவழி வெட்ட முடியுமா? விட், ஜமால், சென்னை டாக்டர் வி. குமாரசாமி முதலானோர் சேர்ந்து, கதிரியக்கப் பொருளைக் காலில் ஏற்றி காமா கேமராவால் எடுத்த படங்களைப் பற்றி 1993இல் எழுதினார்கள். இதற்குத் தோலைக் கீற வேண்டியதில்லை, ஓர் ஊசி போதும். நல்ல காலில் அந்தக் கதிரியக்கப் பொருள் கோடாக ஏறித் தொடையிடுக்குக் கணுக்களில் ஒளிரும். அடைபட்ட காலில் கோடு பாதியில் நின்று, தோலுக்குள் மேகம் போலப் பரவும்.

யானைக்காலுக்குக் கிடைத்த இந்தக் கவனம் இதய நோயாளியின் காலுக்கு வெகு தாமதமாகத்தான் வந்தது. பச்சைச் சாயத்தைத் தோலில் ஏற்றி அகச்சிவப்புக் கேமராவில் பார்த்தால், நாளம் சுருங்கிச் சுருங்கி நிணநீரைத் துளித்துளியாக மேலே தள்ளுவதை அந்தக் கணமே காணலாம். டென்மார்க்கின் ஆர்ஹஸில், பிறவி இதயக் கோளாறுக்காக ஃபான்டான் அறுவை செய்துகொண்டவர்களின் கால்களை இப்படிப் பார்த்தார்கள். நாளங்களின் தள்ளும் வலு குறைந்திருந்தது. 2020இல் கிளாஸ்கோ குழு, இதயம் சுருங்குவது சரியாக இருந்தும் தளர்ச்சி கண்ட நோயாளிகளை வேறு முறைகளில் ஆராய்ந்து, அவர்களின் நிணநாளங்களுக்குக் கூடுதல் சுமை தாங்கும் திறன் குறைவு என்றது. மாத்திரை போட்டும் சிலருக்குக் கால் வற்றாததன் காரணத்தில் ஒரு பங்கு இங்கே இருக்கலாம்.

காமா கேமரா தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. நிணநீர்ப் படத்தைப் படித்துப் பழகிய அனுபவமும் யானைக்கால் புண்ணியத்தில் இங்கே சேர்ந்திருக்கிறது. யானைக்கால் மருத்துவரும் இதய மருத்துவரும் ஒரே நோயாளியின் காலைச் சேர்ந்து பார்க்கும் ஆய்வுகளை நம் மருத்துவக் கல்லூரிகள் தொடங்க வேண்டும். வீட்டில் பெரியவர்களுக்கு இரண்டு காலும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிறதென்றால் வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.